தள்ளி வைத்தவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்காவது இதைப் படித்து, ஒரு சொல் அவளுக்குப் பிடிக்காமல் போனால், அதையும் தள்ளி வைத்துக்கொள்வாள். "மறக்கலட்டி, தள்ளி வச்சிருக்கேன்" என்பதுதான் நான் அவளிடம் அதிகம் கேட்ட பேச்சு.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்களுக்கெல்லாம் அக்கா. திருப்பூருக்குப் பக்கத்தில், அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், செக்கிங் மேஜையில், எனக்கு எதிரே நின்றவள். செல்போன் முதலாளிகளின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம் அது. நான் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். அவள் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் தனியாகக் குடியிருந்தாள்.

அவள் யாரிடமும் வாய்ச்சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணியும், முகம் சாந்தமாகும். அந்தச் சாந்தத்தைப் பார்த்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டார். குடியிருக்க வந்தவர்களெல்லாம் இப்படி ஊற்றினால் தொட்டி என்னத்துக்கு ஆகும் என்று வெளியே யாரிடமோ சொன்னதும் உள்ளே கேட்டிருக்கிறது. அக்கா சீயக்காய்த் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனாளாம்.

பல மாதம் கழித்து வீட்டுக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். ஒத்தாசைக்கு முதல் ஆளாகப் போனவள் அக்காதான். காய் நறுக்கினாள், வாசல் நிறையக் கோலம் போட்டாள். முகூர்த்தத்தன்று காலையில் மண்டபத்துக்குப் போகிற வேன் வாசலில் நிற்கிறது. பெண்ணின் தாய் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். அக்கா மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டியின் வால்வை இறுக்கி மூடிவிட்டு, பட்டுச்சேலையோடு வேனில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தம்மா மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது காதோரமெல்லாம் சீயக்காய் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் போய்த் தன் முந்தானையாலேயே அதைத் தட்டிவிட்டதாக மறுநாள் அக்கா என்னிடம் சொன்னாள்.

அவள் கிறிஸ்தவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். மன்னிப்பைப் பற்றி ஃபாதர் பேசும்போது என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்நேரத்துல எனக்குத் தலைவலிக்கும்" என்றாள்.

தலைவலி பொய்யில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நெற்றியில் ஒரு துணிக்கீற்றை வரிந்து கட்டிக்கொள்வாள். எந்நேரமும் தைல வாசம். செக்கிங் என்பது தைத்து வந்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இதையெல்லாம் தேடிப் பிடிக்கிற வேலை. நாங்கள் மேஜையில் குனிந்து பார்ப்போம். அவள் பனியனை இரண்டு கையாலும் பிடித்து, கையை நேராக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பாள். கொடியில் துணி காயப்போடுகிறவள் மாதிரி இருக்கும். டைலர் பையன்கள் அதேபோல் செய்து காட்டிச் சிரிப்பார்கள். காலையில் அவள் வேலை சுத்தமாக இருக்கும். சாயங்காலம் ஆக ஆகப் பிழை கூடும்.

ஆனால் தூரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரோட்டு முனையில் பஸ் திரும்பும்போதே போர்டைப் படித்துச் சொல்லிவிடுவாள். மேனேஜர் வருவதை எங்களுக்கு முதலில் சொல்வதும் அவள்தான். ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்து, "வாரான், இன்னைக்கு முகம் சரியில்ல" என்பாள். எங்கள் கண்ணுக்கு அங்கே ஒரு பைக்கும் புழுதியும்தான் தெரியும்.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. நாற்பதைத் தாண்டியவன், தலைக்குக் கருகருவென்று சாயம் பூசியிருப்பான். அவன் இவன் என்று எழுதுவது மரியாதைக்குறைவு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவன் யாரையும் ஒருமையில் திட்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை முழுவதையும் வைத்துக்கொண்டு திட்டுவான். 'ங்க' போட்டு, 'அம்மணி' போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சிரித்த முகத்தோடு. என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நான் லீவு கேட்டேன். அப்பா இதற்கு முன்னாலும் ஒருமுறை சாகக் கிடந்தாரே, இந்தத் தடவையாவது முடித்துக்கொள்வாரா என்று அவ்வளவு பணிவாகக் கேட்டான். நான் பாத்ரூமில் போய் அழுதேன். அக்கா கதவுக்கு வெளியே நின்று, "அழாதட்டி. உனக்கும் சேத்துத் தள்ளி வச்சிருக்கேன்" என்றாள்.

அவளுக்கு நேர்ந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஒரே ஆர்டருக்குத் தைத்த குழந்தைகள் பனியன் லாட்டில், அவள் பார்த்து அனுப்பிய பீஸ்களில் ஊசி ஓட்டைகள் பேக்கிங்கில் மாட்டின. மேனேஜர் அவளை ஹாலுக்கு நடுவில் கூப்பிட்டான். மெஷின்களை நிறுத்தச் சொன்னான். எதிர்ச் சுவரில், ஹாலின் அந்தக் கோடியில், ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. அதில் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னான். அவள் நின்ற இடத்திலிருந்தே படித்தாள். அச்சடித்த பிரஸ்ஸின் பேர் வரைக்கும் படித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஏனுங்கம்மணி, அத்தனை தூரத்துல இருக்கறது தெரியுது. கையில இருக்கற பனியன்ல ஓட்டை தெரியலீங்களா? கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. உங்களுக்கு மனசுதான் வேலையில இல்லீங்க" என்றான்.

அப்புறம் கழிக்கப்பட்ட பீஸ்களைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போடச் சொன்னான். சின்னச் சின்னப் பனியன்கள், மஞ்சளும் ரோஸுமாக. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் தட்டும் டப்பாவுமாகப் போய்வருகிற வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினான். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை நின்றாள். அழவில்லை, தலை குனியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டே நின்றாள். மணி அடித்ததும் மாலையைக் கழற்றி, ஒவ்வொரு பனியனையும் மடித்து, கூடையில் வைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். முகம் அப்படி ஒரு சாந்தம்.

வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். விட்டுப் போனால் அவன் தூரமாகிவிடுவான் என்று மட்டும் சொன்னாள்.

சர்ச் ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை நடந்தது. அவளுக்குப் போக விருப்பமில்லை. தன் கண்ணில் கோளாறு இல்லை, தனக்குத்தான் ஏதோ புத்தி மட்டு என்று அவள் உள்ளுக்குள் நம்பியிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவலிக்காகவாவது காட்டலாம் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பரிசோதித்தது ஒரு இளம்பெண், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தவர். சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அக்கா கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். வரிசையில் நின்றவர்கள், இதுக்கு எதுக்கு இங்க வந்தா என்று முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் அத்தோடு விடவில்லை. மூக்கில் ஒரு இரும்பு ஃபிரேமை மாட்டி, நடுவில் தடித்த ஒரு கண்ணாடியை அதில் போட்டு மறுபடி படிக்கச் சொன்னார். நல்ல கண்ணாக இருந்தால் அந்தக் கண்ணாடி வழியே தூரத்து எழுத்து கலங்க வேண்டுமாம். அக்காவுக்குக் கலங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தடிப்பாக வேறொன்று போட்டார். அப்போதும் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொடி எழுத்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். அக்கா பழக்கப்படி கையை நீட்டினாள், தலையைச் சாய்த்தாள். ஒரு வரி வரவில்லை.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இதற்குப் பெயர் தூரப்பார்வை. கண்ணுக்குள் பின்பக்கம் ஒரு திரை இருக்கிறது, சினிமாக் கொட்டகையில் இருப்பதுபோல. பார்க்கிற எதுவும் அந்தத் திரையில் சரியாக விழுந்தால்தான் தெளிவு. இந்த அக்காவின் கண் பிறவியிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் நீளம் கொஞ்சம் குறைவு. அதனால் படம் தெளிவாகிற இடம் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. கண்ணுக்குள்ளேயே ஒரு சின்ன லென்ஸ் உண்டு. அதைச் சுற்றியிருக்கிற தசை இறுகினால் லென்ஸ் புடைத்து, படத்தை முன்னால் இழுத்துத் திரையில் விழவைக்கும். தூரத்தைப் பார்க்கக் கொஞ்சம் இழுத்தால் போதும். கிட்டே பார்க்க ரொம்ப இழுக்க வேண்டும். நாளெல்லாம் இழுத்துப் பிடித்தால் சாயங்காலம் தசை ஓய்ந்துபோகும். எழுத்து கலங்கும், தலை வலிக்கும்.

"கண்ணாடி உங்க கண்ணை மாத்தாதுங்க. நடுவுல தடிச்ச கண்ணாடி, வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் உள்பக்கமா வளைச்சுக் குடுத்துரும். கண்ணு தனியா இழுத்த பாரத்துல ஒரு பங்கை அது வாங்கிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அக்கா கேட்டாள்: "சின்னப் புள்ளையில இருந்தே இப்படித்தானா?"

ஆமாம், பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும். சின்ன வயசில் தசைக்குத் தெம்பு இருப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும், சோம்பேறி என்று சொல்லிவிடுவார்கள் என்றார் அந்தப் பெண். இது சில குடும்பங்களில் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் வருமாம். குழந்தைகள் இருந்தால் காட்டிவிடச் சொன்னார். அக்காவுக்கு ஊரில், அவள் அம்மாவிடம் வளர்கிற ஒரு மகள் உண்டு. அக்கா வேறொன்று கேட்டாள். கண் நன்றாக இருக்கிறவனுக்குக் கிட்டே இருப்பது தெரியாமல் போகவே போகாதா? போகும் என்றார் அந்தப் பெண். நாற்பதைத் தாண்டினால் யாராக இருந்தாலும் உள்ளே இருக்கிற லென்ஸ் விறைத்துப்போகும், புடைக்காது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அதற்கும் இதே மாதிரி நடுவில் தடித்த கண்ணாடிதான். சிலர் வயசானதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் அது இல்லாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

"அப்படியா" என்றாள் அக்கா. முகம் சாந்தமாகியிருந்தது.

கண்ணாடி வந்த அன்று அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கடையில் மாட்டிக்கொண்டதும் முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். என் முகத்தைக் கிட்டே இழுத்து, எனக்கு மீசை இருப்பதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் மக்கு இல்ல" என்றாள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார், மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு வாசிப்பு வராததற்காக, விரல் முட்டியில் ஸ்கேலின் விளிம்பால் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் வாசிக்கிறவளுக்குச் சாயங்காலம் ஏன் வராது, நடிக்கிறாள் என்று. அதோடு படிப்பு நின்றது. கட்டிக்கொண்டவன் அரிசியில் கல் கிடந்ததற்காகத் தட்டை முகத்தில் எறிந்திருக்கிறான். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை காலமும் அவர்கள் அடித்ததில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். கண்ணாடி அதைப் பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளிடம் கோபம் மட்டும் மிஞ்சியது.

அந்தக் கண்ணாடி அவள் கண்களைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு மடங்கு கண் உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். மேனேஜர் முதல் நாள், வாங்க டாக்டரம்மா என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டான். அன்றிலிருந்து அவள் கையில் ஒரு ஓட்டை தப்பவில்லை. ஒருநாள் கழுத்து லேபிள் கோணலாக இருப்பதை அவனிடம் எடுத்துக் காட்டினாள். துணியைப் பாருங்க, லேபிளை நாங்க பாத்துக்கறோமுங்க என்று கையை உதறிவிட்டுப் போனான். அதையும் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அவள் துணியை மட்டும் பார்க்கவில்லை. அவனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தெரிந்தது. யாராவது காகிதம் நீட்டினால் அவன் வாங்கி, ஜன்னலோரம் போய் நின்று பார்க்கிறான். கை தானாக நீள்கிறது. அங்கே நின்றும் முடியாவிட்டால், நேரமில்லை என்று வேறு யாரையாவது படிக்கச் சொல்கிறான். "என்னைய மாதிரியே நிக்கான் பாரு" என்று என் காதில் சொன்னாள். அவள் குரலில் ஒரு பொட்டு இரக்கமில்லை.

வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குழந்தைகள் இரவு உடை ஆர்டர் வந்தது. இரவு உடை என்பதால், நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று லேபிளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அதில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு. லேபிள் அச்சடிக்கிறவர்கள் கொண்டுவந்த மாதிரியை மேனேஜர்தான் பார்த்து ஓகே போட்டான். தைத்து வந்த முதல் கட்டு உடுப்பை அக்கா கையில் எடுத்தாள். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய மாதிரி உடுப்பு எங்கள் மேஜை மேலேயே ஆணியில் தொங்கியது. அவளுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நெருப்பு என்பதற்கான சொல்லில் கடைசி எழுத்தைக் காணோம்.

நான் சொன்னேன்: "ஏனுங்க்கா, இப்பவே சொல்லிப்போட்டா நிறுத்திப்போடுவாங்க."

"லேபிளை அவுக பாத்துக்கிடுவாகளாம்" என்றாள். பீஸை மடித்து அடுத்ததை எடுத்தாள்.

லாட் முழுவதும் தைத்து முடிந்தது. நாங்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்பினோம். என் கையில் வந்த ஒவ்வொரு லேபிளிலும் அந்த எழுத்து இல்லாததைப் பார்த்தேன். என் அப்பாவைப் பற்றி அவன் கேட்டது ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்த வாரம் வேறில்லை.

இன்ஸ்பெக்ஷன் அன்று முதலாளியே வந்திருந்தார். வாங்குகிறவர்களின் ஆபீஸிலிருந்து ஒரு பெண்மணி வந்து, பெட்டிகளில் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி ஒரு உடுப்பை எடுத்தார். அதன் கழுத்துப் பக்கத்தைத் திருப்பி லேபிளைப் பார்த்தவர் அப்படியே நின்றார். இதைப் பார்த்து ஓகே போட்டது யார் என்று கேட்டார். முதலாளி மச்சினனைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி லேபிளை அவனிடம் நீட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். அவன் வாங்கினான். சுற்றிலும் பெட்டி அடுக்கியிருந்ததால் ஜன்னலோரம் போக வழியில்லை. கை நீண்டது, தலை பின்னால் சாய்ந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என்ன இருக்க வேண்டுமோ அதை மனப்பாடமாகச் சொன்னான். அப்படி இல்லை, மறுபடி பாருங்கள் என்றார் அந்தப் பெண்மணி. அவன் மறுபடியும் அதையே சொன்னான்.

"ஏனுங் மாப்ள, எழுத்துத் தெரியுதுங்களா இல்லீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

அவன் காது சிவந்துவிட்டது. அப்போது அக்கா எங்கள் மேஜையை விட்டு நடந்தாள். அவசரமில்லாமல் நடந்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து, அவனிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டுப் பாருங்க சார்."

அவன் வாங்கவில்லை. முதலாளி வாங்கி அவன் கையில் திணித்தார். போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பூப்போட்ட காம்பு வைத்த பொம்பளைக் கண்ணாடி, சாயம் பூசிய தலைக்குக் கீழே. அந்தக் கண்ணாடி அவனுக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. லேபிளைக் கிட்டே கொண்டுவந்தான். பார்த்தான். எழுத்து இல்லாத இடம் அவனுக்குத் தெரிந்ததை நாங்கள் எல்லோரும் அவன் முகத்தில் பார்த்தோம். கண்ணாடிக்குள் பெரிதாகிப்போன அந்தக் கண்களில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அக்கா அவன் முகத்துக்கு ரொம்பக் கிட்டே நின்றிருந்தாள். கோவில்பட்டிப் பேச்சை விட்டுவிட்டு, அவன் பேச்சிலேயே கேட்டாள்.

"நல்லாத் தெரியுதுங்களா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஹால் முழுக்கச் சிரிப்பு. முதலாளி அதட்டும்வரை நிற்கவில்லை. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குக் கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். ஒவ்வொரு லேபிளையும் பிரித்து, புது லேபிள் வைத்துத் தைத்து முடிக்கிறவரை ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்குப் போகவில்லை. தையல் பிரித்துப் பிரித்து விரல் நுனியெல்லாம் புண். ஒரு ஹெல்பர் பெண் ஊரில் தம்பி கல்யாணத்துக்குப் போகமுடியாமல் அழுதுகொண்டே பிரித்தாள். அக்கா அவளையும் பார்த்தாள். எழுந்துபோய் அவள் கட்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, பேசாமல் இரண்டு பங்கு வேலை செய்தாள். அதற்குமேல் வருத்தம் என்று எதையும் காட்டவில்லை.

மேனேஜரை முதலாளி காங்கேயத்தில் சொந்தக்காரர் ஒருவரின் அரிசி மில்லுக்கு அனுப்பிவிட்டார். கொஞ்ச காலம் கழித்து நானும் அக்காவும் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தோம். தலைச்சாயம் இல்லை. சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு இருந்தது. அவனே வந்து பேசினான். அவன் குரலில் அப்போது சிரிப்பில்லை.

"அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுதுங்கம்மணி. நான் நெசமாலுமே தெரியாமத்தானுங்க செஞ்சேன்" என்றான்.

"கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாது, சரி" என்றாள் அக்கா. "எனக்கு வலிக்கும்னு தெரியும்லா?"

அவன் நின்றுகொண்டிருக்கும்போதே எங்கள் பஸ் வந்தது. ஏறிவிட்டோம். பாவம் போல இருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த பெண், எட்டு வயசிருக்கும். ஒன்றும் கேட்பதற்கு முன்பே தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தது. கண்ணைப் பரிசோதித்தார்கள். அதே தூரப்பார்வை. அம்மாவைவிடப் பவர் கூட. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து விரல் முட்டிகளை அக்கா தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். வகுப்பு டீச்சர் புதிதாக வேலைக்கு வந்த பெண், நல்ல முகம். அக்கா வாசற்படியிலேயே நின்று பேசினாள். பிள்ளைக்குக் கண்ணாடி புதுசு, பழக நாள் ஆகும், எழுத்து கலங்கினால் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்க விடுங்கள் என்றாள். டீச்சர் தலையாட்டினார். தான் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை என்றும் சொன்னார்.

"சந்தோசம் டீச்சர். சிரிக்கவும் வேண்டாம். மத்த பிள்ளைகளைச் சிரிக்கவும் விடாதீக. எனக்கு எதுவும் மறக்காது" என்றாள் அக்கா, தணிந்த குரலில்.

வெளியே வந்தோம். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் நகரவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஒரு வேப்பமரத்தடியில் வகுப்பின் ஜன்னலைப் பார்த்து நின்றாள். எனக்கு அங்கிருந்து ஜன்னல் கம்பியும் உள்ளே ஒரு இருட்டும்தான் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, டீச்சர் இந்தப் பக்கம் பார்க்கிறார் என்றாள்.

"மேசையில கெடந்த பிரம்பை எடுத்து பீரோவுக்குப் பின்னால போட்டுட்டா" என்றாள். "வா, போவோம்."